கூட வருபவருக்கு நாற்காலி உண்டா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஒரு மணப்பெண். திருமணத்துக்கு இன்னும் இரண்டரை மாதம். மண்டபத்தில் 150 பேருக்குத்தான் இடம். இரு வீட்டு உறவினர்களும் குடும்பத்தோடு சேர்த்து 101 பேர். நண்பர்கள், உடன் வேலை செய்பவர்கள் என்று 34 பெயர்கள். இந்த 34 பேரில் யாருடைய துணையை அழைப்பது, யாருடையதை விடுவது?

கல்லூரித் தோழி ஒருத்தி நான்கு ஆண்டுகளாக ஒருவரோடு சேர்ந்து வாழ்கிறாள். மணமாகவில்லை, அவரை இவர் பார்த்ததும் இல்லை. அலுவலகத் தோழர் ஒருவர் மூன்று மாதமாக ஒரு பெண்ணோடு பழகுகிறார், அவளையும் அழைத்து வரலாமா என்று கேட்டுவிட்டார். பள்ளித் தோழியின் கணவரை இவருக்குப் பிடிக்காது. அவளை மட்டும் அழைத்தால் என்ன என்கிறார். வருங்கால மாமியாரோ, "எல்லோருக்கும் 'குடும்பத்துடன்' என்று எழுதிவிடம்மா, வருகிறவர்கள் வரட்டும்" என்கிறார். கடிதத்தின் கடைசி வரி இது: "முகம் தெரியாத ஒருவருக்கு என் திருமணத்தில் எதற்கு நாற்காலி?"

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். திருமண வீடுகளுக்கு விருந்தினர் பட்டியல் எழுதித் தருவது எனக்குப் பதினான்கு ஆண்டுத் தொழில். ஏதோ ஒரு கட்டத்தில், பெரும்பாலும் பணக்கணக்குப் பார்த்த மறுநாள், மணமக்கள் எல்லோரும் இதைச் சொல்லிவிடுகிறார்கள். சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் நீங்கள் அழைப்பது உங்கள் தோழியை. அவள் யாரோடு வாழ்கிறாளோ அவரை வீட்டில் விட்டுவிட்டு வா என்று அவளிடம் சொல்லப் போகிறீர்களா என்பதுதான் இங்கே கேள்வி. நாற்காலியில் உட்காருபவர் அவர் என்றாலும் மரியாதை போய்ச் சேர்வது அவளுக்கு. அதுவும் எந்த நாளில்? "நாங்கள் இருவரும் இனி ஒன்று, வந்து பாருங்கள்" என்று ஊரைக் கூட்டிச் சொல்கிற நாளில். அன்றைக்குப் போய் இன்னொரு இணையைப் பார்த்து "நீங்கள் இருவர் கணக்கில் வரமாட்டீர்கள்" என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

இதில் பெரிய விவாதத்துக்கு இடமில்லாத பகுதி ஒன்று உண்டு. மணமானவர்கள், நிச்சயமானவர்கள், ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்பவர்கள் ஆகிய மூன்று வகையினரையும் பிரித்து அழைப்பதில்லை. இருவரையும் அழைக்க வேண்டும், அல்லது இருவரையும் விட வேண்டும். நீங்கள் அந்த இன்னொருவரைச் சந்தித்திருக்கிறீர்களா, உங்களுக்குப் பிடிக்குமா, அவர்கள் ஏன் இன்னும் திருமணம் செய்துகொள்ளவில்லை என்பதெல்லாம் பட்டியல் எழுதுபவரின் வேலையில் சேராது. ஆணும் பெண்ணுமாக இருந்தாலும் இரு பெண்களாக, இரு ஆண்களாக இருந்தாலும் இதே விதிதான். கடைசி இரண்டில் மட்டும் அழைப்பிதழ் அச்சாகும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு தேவை. "உறையில் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். அவர்கள் தங்கள் வீட்டில் இன்னும் சொல்லாமல் இருக்கலாம். நீங்கள் அன்பாக அனுப்பிய உறையை அவர்களுடைய அப்பா பிரித்துவிடக் கூடாது.

ஆகவே உங்கள் கல்லூரித் தோழியின் விஷயம் முடிந்தது. அவரையும் அழையுங்கள், பெயர் சொல்லி அழையுங்கள். பெயர் தெரியாவிட்டால் தோழியிடம் கேளுங்கள். "அவருடைய பெயரை எப்படி எழுத வேண்டும்?" என்ற ஒரு கேள்வி அவளை எவ்வளவு மகிழ்விக்கும் என்பதைக் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். நான்கு ஆண்டுகளாக எத்தனையோ பேர் "அவர்", "உன் நண்பர்" என்று சொல்லி நழுவியிருப்பார்கள்.

இப்போது கணக்கு. பலர் செய்கிற பிழை, அழைப்பிதழ்களை எண்ணுவது. அழைப்பிதழ் வீட்டுக்கு ஒன்று போகும், ஆட்கள் வீட்டுக்கு ஒருவர் வருவதில்லை. ராபின் டன்பர் என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர், ஒரு மனிதர் உண்மையாகவே பழகக்கூடியவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 150 என்று 1992இல் சொன்னார். உங்கள் மண்டபத்தின் எண்ணும் அதுவாக அமைந்தது தற்செயல். 2003இல் அவரும் இன்னொருவரும் சேர்ந்து, மக்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அனுப்புகிற பட்டியலை வைத்து அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவர் அனுப்பிய அட்டைகள் சராசரியாக 68தான். ஆனால் அந்த அட்டைகள் போன வீடுகளில் இருந்தவர்களையெல்லாம் எண்ணியபோது கணக்கு 150ஐக் கொஞ்சம் தாண்டியது. அட்டைக்கும் தலைக்கும் அவ்வளவு இடைவெளி. அதனால்தான் என் பட்டியலில் முதல் பத்தியின் தலைப்பே "தலை". பெயர், உறவு, முகவரி எல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் கடிதத்தில் நீங்கள் தந்த விவரப்படி, 34 பேரில் மணமானவர்கள் 9, நிச்சயமானவர்களும் சேர்ந்து வாழ்பவர்களும் 3. இந்த 12 பேருக்கும் இரண்டிரண்டு இடம் என்றால் 46 தலை. 150இல் உறவினர் 101 போக உங்களுக்கு மிச்சம் 49. ஆக, மூன்று இடம் கையில் நிற்கிறது. மீதி 22 பேரில் எட்டுப் பேர் யாரோடோ பழகுகிறார்கள், பதினான்கு பேர் தனி. எல்லோருக்கும் "கூட ஒருவர்" என்று தாராளமாகக் கொடுத்தால் 68 தலை. மண்டபம் தாங்காது.

அந்த மூன்று இடத்தையும் அவசரப்பட்டு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஒன்று கேட்கிறேன்: உங்கள் 150இல் நீங்கள் இருவரும் இருக்கிறீர்களா? சிரிக்காதீர்கள், மணமக்களை எண்ண மறந்த பட்டியல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புகைப்படக்காரரும் அவருடைய உதவியாளரும் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? மேளம் வாசிப்பவர்கள்? வயதான பாட்டியைக் கைப்பிடித்து அழைத்து வரும் பணிப்பெண்? அந்தப் பணிப்பெண்ணை யாரும் "கூட வருபவர்" வரிசையில் சேர்த்துவிட வேண்டாம். பாட்டி வர வேண்டுமென்றால் அவரும் வந்தாக வேண்டும், அது பாட்டியின் சக்கர நாற்காலிக்கு வழிவிடுவது போன்ற ஏற்பாடு. இவர்களையெல்லாம் எண்ணிய பிறகும் ஒன்றிரண்டு மிச்சமிருந்தால் பேசலாம்.

இனிதான் கடினமான பகுதி: அந்த எட்டுப் பேர். எங்கே கோடு போடுவது?

சிலர் மாதக்கணக்கு வைப்பார்கள். ஆறு மாதம் பழகியிருந்தால் உண்டு, ஓராண்டு ஆகியிருந்தால் உண்டு என்று. எனக்கு இது பிடிப்பதில்லை. ஒருவரிடம் போய் "எப்போது தொடங்கியது?" என்று விசாரிப்பது நன்றாக இல்லை. பதினோரு மாதம் என்று பதில் வந்தால் என்ன செய்வீர்கள்? இன்னும் சிலர் உள்ளுக்குள் ஒரு தராசு வைத்திருப்பார்கள். "இவள் உறுதியாக இருக்கிறாள், அவன் இதோடு மூன்றாவது" என்று. இதுதான் மிக மோசம். பிறர் காதலின் எடையை நீங்கள் போடக் கூடாது, போட்டாலும் பெரும்பாலும் தப்பாகத்தான் போடுவீர்கள். மூன்று மாதப் பழக்கம் என்று நான் ஒருமுறை மனத்துக்குள் ஏளனமாக நினைத்த ஒரு ஜோடிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். ஏழு ஆண்டு பழகி, எல்லோரும் நிச்சயம் என்று நம்பிய இன்னொரு ஜோடி அழைப்பிதழ் அச்சாகி வருவதற்குள் பிரிந்துவிட்டது.

நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். போடுகிற கோட்டை, அதற்கு வெளியே நிற்பவரின் முகத்துக்கு நேரே சொல்ல முடிய வேண்டும். "மணமானவர்கள், நிச்சயமானவர்கள், சேர்ந்து வாழ்பவர்கள் வரை அழைத்திருக்கிறோம், இடம் அவ்வளவுதான்" என்று யாரிடமும் சொல்லலாம். கேட்பவருக்கு ஏமாற்றம் இருக்கும், அவமானம் இருக்காது. "உன் காதலன் நிலைப்பானா என்று தெரியவில்லை" என்று யாரிடமும் சொல்ல முடியாது. சொல்ல முடியாத காரணத்தை வைத்துப் பட்டியல் எழுதினால் அது எப்படியோ வெளியே வந்துவிடும். வருவது பெரும்பாலும் உங்கள் அத்தை வாயிலிருந்து.

இந்தக் கோட்டிலும் ஒரு குறை இருக்கிறது, மறைக்கவில்லை. பல ஆண்டுகளாக உறுதியாகப் பழகுகிறவர்கள், ஆனால் வேலை காரணமாக வெவ்வேறு ஊரிலோ பெற்றோர் வீட்டிலோ இருக்கிறவர்கள், இதில் அடிபட்டுப் போவார்கள். உங்களிடம் பத்து இடம் மிச்சமிருந்தால் "நமக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த இணையர்" என்று இன்னொரு வகையைச் சேர்க்கச் சொல்வேன். அதையும் வெளிப்படையாகச் சொல்லலாம். உங்களிடம் பத்து இல்லை.

மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு இடம் யாருக்கு என்றால், அந்த எட்டுப் பேரில் "அதிகம் காதலிக்கிறவர்" யார் என்று தேடாதீர்கள். உங்கள் திருமணத்தில் யார் என்ன நிலையில் இருப்பார்கள் என்று பாருங்கள். அன்று முழுவதும் உங்கள் பக்கத்திலேயே நின்று உங்களுக்காக ஓடப்போகிற தோழி முதலாவது. விடியற்காலை எழுந்து, உங்கள் பையைத் தூக்கி, உங்களுக்காக யாரோடோ சண்டையும் போட்டு நிற்பவள் தனக்கென்று ஒருவரை அழைத்துவரக் கூடாதா? அடுத்தது, மண்டபத்தில் உங்களைத் தவிர ஒருவரையும் தெரியாதவர். நீங்களோ மேடையில் இருப்பீர்கள். நீண்ட பயணம் செய்து வந்து, நான்கு மணி நேரம் கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அவருக்குக் காதலியோ கணவரோ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நண்பரை அழைத்து வரட்டும். பேச்சுத்துணை என்ற சொல் இவர்களுக்காகவே இருக்கிறது. கல்லூரிக் கூட்டம் பத்துப் பேர் ஒன்றாக வருகிறார்கள் என்றால் அவர்களுக்கு இது தேவையே இல்லை. சேர்த்து உட்கார வைத்தால் அவர்கள் உங்களைக்கூடத் தேடமாட்டார்கள்.

அலுவலகத் தோழர் கேட்டுவிட்டார் என்கிறீர்களே, அங்கே கவனமாக இருங்கள். கேட்டவருக்குக் கொடுத்துவிடுவது எளிது. நான் பார்த்த வேறொரு திருமணத்தில் ஒரு மென்பொருள் நிறுவனக் குழு, ஒரே மேசையில் ஐந்து பேர். மணமகளிடம் ஒரு பெண் மட்டும் இரண்டு முறை கேட்டு, தன் ஆண் நண்பரை அழைத்து வர அனுமதி வாங்கிவிட்டாள். மற்ற நால்வரும் தனியாக வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு ஆறு ஆண்டுப் பழக்கம், கேட்பது நாகரிகமில்லை என்று கேட்காமல் இருந்துவிட்டார். அந்த ஆண் நண்பர் வந்து உட்கார்ந்ததும் இவர் மேசைமேல் இருந்த பெயர் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. மறுபடி வைத்துவிட்டார். சாப்பிட்ட கையோடு விடைபெற்றார். மணமகளுக்கு இன்றுவரை காரணம் தெரியாது. கேட்கிறவர்களுக்குத் தருவது, நாகரிகமாகக் கேட்காமல் இருந்தவர்களுக்குத் தண்டனை கொடுப்பது போலாகும். தருவதானால் அந்த நிலையில் இருக்கிற எல்லோருக்கும் தாருங்கள், கேட்காவிட்டாலும் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

உங்கள் தோழருக்குப் பதில் இப்படி இருக்கலாம்: "அவரைப் பற்றி நீங்கள் சொன்னதில் மகிழ்ச்சி. மண்டபம் சிறியது, மணமானவர்கள், நிச்சயமானவர்கள், சேர்ந்து வாழ்பவர்கள் தவிர மற்ற நண்பர்களைத் தனியாகத்தான் அழைத்திருக்கிறோம். உங்களை நம் குழுவினரோடுதான் உட்கார வைத்திருக்கிறேன். திருமணம் முடிந்து ஒரு நாள் நான்கு பேரும் சந்திப்போம்." இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். காரணங்களை அடுக்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு தீர்வு இருக்கும். "நாங்கள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறோம்" என்று சொன்னவரையும் எனக்குத் தெரியும். "பார்க்கலாம்" என்ற சொல்லை மட்டும் பயன்படுத்திவிடாதீர்கள். கேட்பவர் காதில் அது "சரி" என்றுதான் விழும்.

பள்ளித் தோழியின் கணவர். பிடிக்காது என்பது மட்டும்தான் காரணம் என்றால் அவரையும் அழைத்தே ஆக வேண்டும். 150 பேர் இருக்கிற கூடத்தில் அவரோடு நீங்கள் பேசப்போவது மேடையில் நிற்கிற அரை நிமிடம். அவரை விட்டுவிட்டு அவளை மட்டும் அழைத்தால் அந்த உறையை அவள் வீட்டில் எங்கே ஒளித்துவைப்பாள்? ஒன்று, வராமல் இருப்பாள். இல்லையென்றால் வந்து, வீட்டுக்குப் போய்ப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். இதற்கு ஒரே ஒரு விலக்குதான் எனக்குத் தெரிந்து உண்டு. அவர் யாரையாவது அடித்திருக்கிறார், தொந்தரவு செய்திருக்கிறார், அவர் வந்தால் இன்னொரு விருந்தினருக்கு அச்சம் என்றால், அங்கே பழக்கவழக்கம் பேசவேண்டியதில்லை, பாதுகாப்புதான் முதலில். அப்போதும் உறையில் ஒரு பெயரை மட்டும் எழுதி அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. தோழியை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். சிக்கல் அவளுக்கே என்றால், இந்தப் பேச்சு அவளுக்குத் தேவைப்படுகிற பேச்சாகக்கூட இருக்கும்.

வருங்கால மாமியார் சொல்கிற "குடும்பத்துடன்". அவர் மனசு பெரியது, மண்டபம்தான் சிறியது. "குடும்பத்துடன்" என்ற சொல்லுக்கு அளவே கிடையாது. எழுதியவர் கணவன், மனைவி, ஒரு பிள்ளை என்று நினைத்திருப்பார். படித்தவர் மாமனாரையும் விடுமுறைக்கு வந்த தங்கை மகளையும் சேர்த்திருப்பார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை, சொல்லில்தான் ஓட்டை. மேலைநாட்டு அழைப்பிதழ் மரபில் இதற்காகவே இரண்டு உறை வைப்பார்கள். வெளியுறையில் முகவரி, அது தபால்காரருக்கு. உள்ளுறையில் யார் யாரை அழைக்கிறோமோ அவர்கள் பெயர் மட்டும். உங்களுக்கு இரண்டு உறை வேண்டாம், பெயர் எழுதினால் போதும். மாமியாரிடம் இதை மறுப்பாகச் சொல்லாமல் வேலையாகக் கொடுங்கள். "அத்தை, உங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் என்று உங்களுக்குத்தான் தெரியும், பெயர் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்" என்று நோட்டைத் திறந்து பக்கத்தில் உட்காருங்கள். எண்ணிக்கை தானாகக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பெரியவர்கள் பலர் எண்ணைக் கண்டதும் தாங்களே குறைக்கத் தொடங்குவார்கள்.

பிள்ளைகள் விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. எல்லோருடைய பிள்ளைகளும், அல்லது நெருங்கிய உறவினரின் பிள்ளைகள் மட்டும் என்று ஒரே விதியாக வையுங்கள். கைக்குழந்தையை யாரும் எண்ணுவதில்லை, பிரிப்பதும் இல்லை.

பெயர் எழுதி அழைப்பதற்கும் "கூட ஒருவர்" என்று எழுதுவதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பெயர் எழுதினால் அந்த இடம் அந்தப் பெயருக்கு உரியது. அவரால் வர முடியாவிட்டால் வேறொருவரை அனுப்பக் கூடாது, பண்பு தெரிந்த விருந்தினர் அனுப்பவும் மாட்டார். பெயர் இல்லாமல் இடம் தந்தால் யாரை அழைத்து வருவது என்பது முழுக்க விருந்தினரின் உரிமை. ஒரு மணமகன் தன் நண்பனுக்கு அப்படி ஓர் இடம் தந்தார், அவனுடைய காதலி வருவாள் என்று நினைத்துக்கொண்டு. இடையில் அவர்கள் பிரிந்துவிட்டார்கள். நண்பன் தன் அம்மாவை அழைத்து வந்தான். மணமகன் வீட்டார் என்னிடம் வந்து முணுமுணுத்தார்கள். முணுமுணுக்க அவர்களுக்கு உரிமையே இல்லை. அந்த அம்மாவோ ஒருவரையும் தெரியாமலே எல்லோரோடும் பேசிக்கொண்டிருந்தார், கடைசியாக மண்டபத்தை விட்டுக் கிளம்பியவர்களில் ஒருவர்.

பெயர் எழுதி அனுப்பிய பிறகு அந்த இணை பிரிந்துவிட்டால்? உங்கள் நண்பருக்கு அழைப்பு நிற்கிறது, அவர் வழியாக அழைக்கப்பட்டவருக்கு அது முடிந்துவிட்டது. காலியான இடத்தில் வேறொருவரை அழைத்து வரலாமா என்று அவர் கேட்டால், சாப்பாட்டுக் கணக்குக் கொடுத்துவிட்ட பிறகு என்றால், நான் சரி என்றே சொல்வேன். எண்ணிக்கை மாறப்போவதில்லை, பிரிந்த மனிதர் ஒரு திருமணத்தில் தனியாக உட்காரவும் வேண்டாம்.

துணையை இழந்தவர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் இதில் தப்புச் செய்திருக்கிறேன். ஒரு வீட்டில் அக்கா திருமணத்துக்குத் தயாரித்த பட்டியலையே தங்கை திருமணத்துக்கும் நகல் எடுத்தோம். இரண்டு ஆண்டு இடைவெளி. ஒரு பெரியவருக்கு உறையில் தம்பதியர் இருவர் பெயரும் அச்சாகிப் போய்விட்டது. அவருடைய மனைவி எட்டு மாதத்துக்கு முன் இறந்திருந்தார். திருமணத்தன்று அவர் அந்த உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். வாசலில் என்னிடம் எடுத்துக் காட்டியபோது மனைவியின் பெயரை ஒரு முறை விரலால் தொட்டுவிட்டு, "பரவாயில்லை, அவளையும் அழைத்ததாக இருக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து நகல் எடுத்த பட்டியலை ஒவ்வொரு வரியாக வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் படித்துக்காட்டாமல் அச்சுக்கு அனுப்புவதில்லை. இப்படித் தனியாகிவிட்டவர்களிடம் "உங்களோடு யாரையாவது அழைத்து வர விருப்பமா? தம்பியோ மகளோ யாராக இருந்தாலும் சரி" என்று முன்கூட்டியே கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். கேட்டதை மறக்கமாட்டார்கள். மணமுறிவு பெற்ற இருவரையும் நீங்கள் அழைக்க விரும்பினால் இருவரிடமும், மற்றவர் வருகிறார், யாரோடு வருகிறார் என்று முன்னதாகச் சொல்லிவிடுங்கள். இடத்தைத் தள்ளிப் போடுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நேரக்கணக்கு. திருமணத்துக்கு 6 முதல் 8 வாரம் முன்பாக அழைப்பிதழ் போய்ச் சேர வேண்டும். வருகிறீர்களா இல்லையா என்ற பதிலுக்குக் கடைசி நாள், திருமணத்துக்கு 3 அல்லது 4 வாரம் முன்பாக. அழைப்பிதழ்களில் ஆர்.எஸ்.வி.பி. என்று அச்சிடுகிறார்களே, அது "தயவுசெய்து பதில் தாருங்கள்" என்ற பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம். அதைப் பார்த்து யாரும் பதில் தருவதில்லை என்பது என் அனுபவம். "இத்தனையாம் தேதிக்குள் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்" என்று நேராக எழுதுங்கள், தேதி தாண்டியதும் நீங்களே கூப்பிடுங்கள். கேட்கும்போது "எத்தனை பேர் வருகிறீர்கள்?" என்று கேட்காதீர்கள், அது கதவைத் திறந்து விடுகிற கேள்வி. "உங்கள் இருவருக்கும் இடம் வைத்திருக்கிறேன், இருவரும் வருகிறீர்கள்தானே?" என்று கேளுங்கள். தனியாக அழைத்தவரிடம் "உங்களுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். எண் உங்கள் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

பதில்கள் வந்து சில இடம் காலியானால், அந்த எட்டுப் பேரையும் அப்போது மறுபடி பார்க்கலாம். எட்டு இடம் காலியானால் எட்டுப் பேருக்கும் சொல்லுங்கள். மூன்று காலியானால் யாருக்கும் சொல்லாமல் விட்டுவிட்டு அந்த மூன்றை வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் நீங்கள் எவ்வளவு தெளிவாக எழுதினாலும், யாரோ ஒருவர், அழைக்காத ஒருவரோடு சிரித்துக்கொண்டே வந்து நிற்பார். அந்த நேரத்தில் விதி பேசக் கூடாது. வந்தவருக்கு அது தெரியாமல்கூட இருக்கும், நம்மை அழைத்திருக்கிறார்கள் என்று நம்பிப் புத்தாடை அணிந்து வந்திருப்பார். வரவேற்க நிற்பவரிடம், நீங்கள் நம்புகிற ஒரு தம்பியிடமோ தங்கையிடமோ, முன்னரே சொல்லிவையுங்கள்: கேள்வி கேட்காமல் நாற்காலி போட வேண்டும். ஐந்தடி வட்ட மேசையில் எட்டுப் பேர் வசதியாக உட்காரலாம், ஒன்பதாவது நாற்காலியும் நுழையும். பத்தாவதைப் போட்டால் எல்லோரும் முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு சாப்பிட வேண்டியிருக்கும். அதனால் எந்த மேசையையும் எட்டுக்கு மேல் நிரப்பாமல் தொடங்குங்கள்.

இன்னொரு பயம் உங்கள் கடிதத்தின் நடுவில் ஒளிந்திருக்கிறது. இன்றைக்கு வருகிறவர் அடுத்த ஆண்டு யாரோ, ஆனால் ஆல்பத்தில் என்றைக்கும் நிற்பாரே என்று. புகைப்படக்காரர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் துணைகளோடு சேர்த்து ஒரு படம், அப்புறம் "இப்போது பள்ளித் தோழிகள் மட்டும்" என்று ஒரு படம். யாரையும் தனியாக ஒதுங்கச் சொல்ல வேண்டாம், எல்லாத் துணைகளும் ஒன்றாகக் கீழே இறங்கிவிடுவார்கள், அவர்களுக்கும் அது நிம்மதி. இந்த இரண்டு வரிசைகளையும் எழுதிப் புகைப்படக்காரரிடம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், மேடையில் நின்றுகொண்டு உங்களால் சொல்ல முடியாது.

இரண்டரை மாதம் இருக்கிறது என்பதால் அச்சுக்குக் கொடுக்க இன்னும் இரண்டு வாரம் தாராளமாக உண்டு. இந்த வாரம் அலுவலகத் தோழருக்குப் பதில் சொல்லிவிடுங்கள், அவர் காத்துக்கொண்டிருக்கிறார். அத்தையோடு நோட்டை எடுத்து உட்கார ஒரு மாலை ஒதுக்குங்கள். கல்லூரித் தோழியை மட்டும் இன்றைக்கே கூப்பிட்டு அவருடைய பெயரைக் கேட்டு, எழுத்துக்கூட்டி எழுதிக்கொள்ளுங்கள்.